தேவையற்ற இடது திருப்பம்

கரமனை, திருவனந்தபுரம்
9 ஜூன் 2024

அன்புள்ள ராஜஸ்ரீக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. எங்கள் நலம்.
2. ஓட்டுபவர் இல்லாத சரக்கு விமானம் செய்யும் ஒரு கம்பெனி.
3. நம் சுஜித்துக்கு நடந்ததற்கும் அதற்கும் உள்ள தொடர்பு.
4. உன் கையெழுத்து தேவைப்படும் ஓர் இடம்.
5. அத்தை சொல்லச் சொன்னது.

இதைப் பார்த்ததும் நீ சிரிப்பாய். ஆடிட் ஆபீஸ் பழக்கம், போகவில்லை. அப்பா காதல் கடிதம் எழுதியிருந்தாலும் பத்தி எண் போட்டிருப்பார் என்று உங்கள் கல்யாணப் பந்தியில் வைத்து சுஜித் என்னைக் கேலி செய்தது நினைவிருக்கும். போனில் பேச உட்கார்ந்தால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. எண் போட்டால் நிற்காது என்று ஒரு நம்பிக்கை.

1. நலம். மழை தொடங்கிவிட்டது. பின்கட்டு ஓடு வழக்கமான இடத்திலேயே ஒழுகுகிறது. என் முழங்கால் சுமார்.

2. எதிர்வீட்டு வினய் ஒரு வீடியோ காட்டினான். கம்பெனியின் பெயர் பருந்து. விமானத்துக்கும் அதே பெயர். மினி லாரி அளவு சரக்கை ஏற்றிக்கொண்டு தானே எழுந்து, தானே பறந்து, தானே இறங்கும். மலைத் தோட்டங்களுக்கும் தீவுகளுக்கும் மருந்து கொண்டு போகலாம் என்கிறார்கள். பெரிய முதலாளிகளிடம் மட்டும் போகாமல் இணையம் வழியாக எங்களைப் போன்றவர்களிடமும் சிறு சிறு தொகையாகப் பணம் சேர்க்கிறார்கள். பங்குச் சான்றிதழ் கிடையாது. கம்பெனியின் மதிப்பு உயர்ந்தால் நம் பணமும் உயரும், உயராவிட்டால் போனது போனதுதான் என்று ஓர் ஒப்பந்தம். இதைச் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் லென்ஸ் வைத்து வாசித்துவிட்டேன். ஆகையால் ஏமாந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த விமானத்துக்கு முன்பக்கம் கண்ணாடி இல்லை, ராஜி. முகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை என்று பார்த்த உடனே தெரிகிறது. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

3. எழுதக் கூசுகிறது. சுஜித்தின் விசாரணை அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். அஸ்ஸாமில் அந்தச் சிறிய ஓடுதளத்தை நெருங்கும்போது அவன் ஓட்டி வந்த விமானத்தின் எஞ்சின் நின்றது. அது அவன் பிழையல்ல. ஆனால் அதற்குப் பிறகு அவன் நேராகப் போகாமல் இடதுபுறம் திருப்பினான். தாழ்வான உயரம் என்பதால் விமானம் நிலை தவறி ஆற்று மணலில் விழுந்தது. “தேவையற்ற இடது திருப்பம், நேராக இறக்கியிருந்தால் விமானி உயிர் பிழைக்க வாய்ப்பு இருந்தது” என்பது அறிக்கையின் வாசகம். நான் அவனைக் குறை சொல்லவில்லை. பதற்றம் மனித இயல்பு. பருந்துக்குப் பதற்றம் கிடையாது. அது தன் பாதையை விட்டு விலகாது. இயந்திரம் அந்தத் தவறைச் செய்திருக்காது.

4. மீனுவின் பெயரில் நாம் இருவரும் சேர்ந்து போட்டு வைத்த டெபாசிட்டில் பாதியை இதில் போடலாம் என்பது என் எண்ணம். அவள் அப்பாவின் பெயரால் வந்த பணம். இன்னொரு குழந்தையின் அப்பா அப்படிப் போகாமல் இருக்க அது உதவட்டும். படிவம் இணைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும்.

5. அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவரு எழுதுறதுல பாதிய நம்பு, போதும். ஏரோப்ளேன் படத்தை அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து சுளுக்கிக் கெடக்காரு. நீ காலாண்டு லீவுக்கு மீனுவக் கூட்டிட்டு வா. தேன்குழல் சுட்டு வைக்கேன்.”

அன்புடன்,
மாமா
நெல்லையப்பன்


கோயம்புத்தூர்
22 ஜூன் 2024

அன்புள்ள மாமா,

ஸ்கூல் ஆபீஸில் அட்மிஷன் நேரம், அதனால்தான் பதில் தாமதம் என்று எழுத ஆரம்பித்தேன். அது பொய். உங்கள் மூணாவது பாயிண்டைப் படித்துவிட்டுக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். எடுக்கவே பிடிக்கவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். பணம் போய்விடும் என்று பயந்து அல்ல.

மீனுவிடமும் போனில் இதையே சொன்னீர்களா? அவள் கேட்டிருப்பாள், நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அது எனக்குத் தெரியும். தலை துவட்டிவிடும்போது கேட்கிறாள்: “அம்மா, அப்பா தப்பா திருப்பிட்டாராமே. மெஷின்னா கரெக்டா போயிருக்குமாம். அப்ப அப்பாவுக்கு சரியா ஓட்டத் தெரியாதா?” துண்டை அவள் தலைமேலேயே விட்டுவிட்டு நான் கிச்சனில் போய் நின்றுகொண்டேன்.

அவளுக்கு ஒன்பது வயசு. அப்பா என்று அவளிடம் இருப்பதே கொஞ்சம்தான். அதிலும் திருத்தம் போட வேண்டுமா?

கொஞ்ச நாளைக்கு அவளிடம் போன் பேச வேண்டாம். காலாண்டு லீவுக்கும் வரவில்லை. அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எனக்குக் கடிதம் எழுதுங்கள்.

ராஜஸ்ரீ


கரமனை
4 ஜூலை 2024

அன்புள்ள ராஜிக்கு,

மீனுவிடம் சொன்னது தவறு. அவள் கேட்டாள். “தாத்தா, அந்த விமானம் ஏன் நல்ல விமானம்?” என்றுதான் கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மன்னித்துவிடு. இந்தக் கடிதத்தில் எண்கள் போடவில்லை. போட்டால் உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தோன்றியது.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். பருந்தில் என் சொந்த சேமிப்பிலிருந்து பணம் போட்டுவிட்டேன். அத்தைக்குத் தெரியும். “ஆளில்லாத வண்டிக்கு நீங்க ஆளா போறீங்களோ” என்று கேட்டாள்.

பணம் போட்ட எல்லோரையும் வைத்து இணையத்தில் கூட்டம் நடந்தது. கம்பெனியைத் தொடங்கிய பிரஜின் என்ற பையனுக்குச் சுஜித்தின் வயதுதான் இருக்கும். எங்களை “ஃபேமிலி” என்று கூப்பிடுகிறான். நான் வணக்கம் சொன்னபோது “அங்கிளே, மைக் ஆன் செய்யூ” என்றான். ஆன் செய்வதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டார்கள். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருந்தது ஆறுதலாக இருந்தது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கலாமா? நீ என் மூன்றாவது குறிப்பை மறுக்கிறாய் என்று புரிகிறது. எதனால் மறுக்கிறாய் என்று எழுதவில்லை. ஆதாரம் ஏதும் இருந்தால் தெரிவிக்கவும். நான் திறந்த மனதுடன் பரிசீலிப்பேன்.

அன்புடன்,
மாமா


கோயம்புத்தூர்
21 ஜூலை 2024

மாமா,

“ஆதாரம் ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்.” அந்த வரியை ஆபீஸில் வைத்துப் படித்தேன். பக்கத்து சீட் ஆஷா மிஸ், என்னாச்சு, முகம் இப்படி இருக்கே என்றார்கள். மாமனார் ஆடிட் நோட் அனுப்பியிருக்கிறார் என்றேன்.

சரி, தெரிவிக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து நான் தனியாக அஸ்ஸாம் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களையும் கூப்பிட்டேன். ரிப்போர்ட் வரட்டும் அம்மா, அதில் எல்லாம் இருக்கும் என்றீர்கள். நான் போனேன். ஓடுதளத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா மாமா? உங்கள் ரிப்போர்ட்டில் “ஓடுதளத்துக்கு முந்தைய திறந்த பகுதி” என்று போட்டிருக்கிறதே, அங்கே? வீடுகள். தகரமும் மூங்கிலும் வைத்துக் கட்டிய வரிசை வீடுகள். தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். பட்டா இல்லாத இடம், அதனால் எந்த மேப்பிலும் கிடையாது. மேப்பில் இல்லை, ரிப்போர்ட்டில் இல்லை. ஆனால் துணி காய்கிறது, கோழி மேய்கிறது.

ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. சுஜித்தின் போட்டோவைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. உள்ளங்கையை விரித்து, விமானம் மாதிரி, தூரத்திலிருந்து நேராகக் கொண்டுவந்தாள். நேராக, நேராக, அந்தக் குழந்தையின் தலைக்கு மேல் வரைக்கும். அங்கே கையைச் சாய்த்தாள், மாமா. இடதுபக்கம். ஆற்றுப் பக்கம். சாய்த்துக் கீழே இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் என் ஆதாரம். அதில் யாரும் சீல் வைக்கவில்லை.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் நேரே கரமனைக்கு வந்தேன். அதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டிருந்தது. நீங்கள் சாப்பாட்டு மேஜையில் ரிப்போர்ட்டை விரித்து, அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள். “ராஜி, இதைப் பார், இடது திருப்பம்” என்றீர்கள். போய் என்ன பார்த்தாய் என்று கேட்கவே இல்லை. நான் காபியை வைத்துவிட்டு அத்தையிடம் போய்விட்டேன்.

கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது?

ராஜஸ்ரீ


கரமனை
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதத்தை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல் விளக்கை ஏற்றினாள். பட்டப்பகல்.

நான் கேட்கவில்லை என்பது உண்மை. எங்கள் ஆபீஸில் களத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. கோப்பு எங்களிடம் வரும். கோப்பில் இருப்பது நடந்தது, இல்லாதது நடக்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எப்படிப்பட்டவன் என்று சொல்கிறேன்.

போன வாரம் பருந்தின் கூட்டம் மறுபடி நடந்தது. கேள்வி எழுதும் இடத்தில், “எஞ்சின் நின்ற பிறகு நேர்க்கோட்டில் கீழே வீடுகள் இருந்தால் விமானம் என்ன செய்யும்?” என்று தட்டினேன். அனுப்பும் முன் அழித்துவிட்டேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். வரும் மாதங்களில் வித்துராவிலிருந்து மலைக்குச் சோதனைப் பறப்பு என்று அறிவித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு கிழவன் இதைக் கேட்பது அபசகுனமாகப் பட்டது.

இருந்தாலும், ராஜி, மொழி தெரியாத ஒரு பெண் கையைச் சாய்த்தது ஆதாரமாகாது. அவள் பொய் சொன்னாள் என்று சொல்லவில்லை. விமானம் சாய்ந்ததை அவள் பார்த்தாள். ஏன் சாய்ந்தது என்பதை அவள் பார்த்திருக்க முடியாது. எஞ்சின் நின்றவனுக்குக் கை நடுங்கியிருக்கலாம். காற்று தள்ளியிருக்கலாம்.

இப்படிப் பல காரணங்களை எழுதிப் பார்த்தேன். எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. எழுதிவிடுகிறேன், நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. பதற்றத்தில் திருப்பினான் என்றால் அவன் நம்மிடம் வரத்தான் பார்த்தான், முடியவில்லை. தெரிந்து திருப்பினான் என்றால், நேராகப் போனால் பிழைக்கலாம் என்று தெரிந்தும் திருப்பினான். உன்னையும் மீனுவையும் எங்களையும் ஒரு பக்கம் வைத்து, பெயர் தெரியாத அந்த வீடுகளை இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்திருக்கிறான். நம்மை விட்டுவிட்டான். அதை என்னால் தாங்க முடியாது. தவறு என்றால் தாங்க முடிகிறது.

அன்புடன்,
மாமா


கோயம்புத்தூர்
24 அக்டோபர் 2024

அன்புள்ள மாமா,

உங்கள் ஆகஸ்ட் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போடத் தெரியவில்லை. உங்களால் தாங்க முடியாததை நான் மூன்று வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதிக் கிழித்தேன். சில நாள் அவன் மேல் கோபம் வரும். போட்டோவைத் திருப்பி வைத்துவிடுவேன். மீனு வருவதற்குள் சரியாக வைத்துவிடுவேன்.

இப்போது நியூஸ் பார்த்தேன். பருந்து வித்துராப் பக்கம் கல்லாறில் விழுந்ததாமே. நீங்கள் வித்துராவில் சோதனை பார்க்கப் போயிருந்தீர்கள் என்று அத்தை போனில் சொன்னார்கள். வந்ததிலிருந்து பேசவில்லையாம். அத்தை அழுதார்கள். அத்தை அழுது நான் கேட்டது இதுதான் இரண்டாவது தடவை.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

மீனுவும் டிவியில் பார்த்தாள். “உள்ளே யாராவது இருந்தாங்களா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப அதுக்காக யாரும் அழ மாட்டாங்களா?” என்றாள். தாத்தாகிட்ட கேட்கட்டுமா என்றும் கேட்டாள்.

எழுதுங்கள்.

ராஜி


கரமனை
2 நவம்பர் 2024

அன்புள்ள ராஜிக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் விழுந்த இடத்தில் இல்லை. வித்துராவில், அவர்கள் பந்தல் போட்டிருந்த மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பணம் போட்ட எல்லோருக்கும் ஒரு தொப்பி கொடுத்தார்கள். வினயும் வந்திருந்தான், “பேடிக்கண்டா அங்கிளே”, பயப்படாதீர்கள் என்று என் தொப்பியைச் சரி செய்தான். விமானம் அழகாக எழுந்தது. பொன்முடிப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. அதற்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த புள்ளி நின்றுவிட்டது. பிரஜின் மைக்கில், “ஃபேமிலி, எல்லாம் கண்ட்ரோலில் இருக்கிறது” என்றான். அந்தப் பையனின் முகம் வெளுத்திருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களைச் சிற்றுண்டிப் பொட்டலத்தோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். சொன்னபடி வீட்டுக்கு வந்துவிட்டேன். யாராவது போ என்றால் போய்விடுபவன்தானே நான்.

சில நாளில் கம்பெனியின் அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. வினயிடம் சொல்லி அச்செடுத்து வாங்கினேன். மலையிலிருந்து திரும்பி வரும் வழியில் எஞ்சின் மேகத்துக்குள் நின்றது. அதற்குப் பிறகும் விமானம் கடைசிவரை தன் பாதையை விட்டு விலகவில்லை, வடிவமைத்தபடியே நடந்துகொண்டது. உயிரிழப்பு இல்லை, தரையில் சிறிய சேதம். நான் “பாதையை விட்டு விலகவில்லை” என்ற இடத்தில் கோடு போட அடிக்கோலை எடுத்தேன். எடுத்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை. சிவப்புப் பேனா. அத்தை காபியை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, நெடுமங்காட்டிலும் வித்துராவிலும் மாறி, கல்லாறில் இறங்கினேன். ஒரு விஷயத்தைக் காண அது நடந்த இடத்துக்கு நான் போனது வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

“தரையில் சிறிய சேதம்” என்பது ஒரு டீக்கடை. கடைக்காரி முத்தாரம்மாள், தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பம். முன்பக்கம் கடை நடக்கிறது. பின்பக்கம் அடுக்களையில் கூரையும் இல்லை, ஒரு சுவரும் இல்லை. அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் மருமகள் ஷெமி தொடை எலும்பு முறிந்து மெடிக்கல் காலேஜில் கிடக்கிறாள்.

“நீங்களும் படம் எடுக்கவா சாரே?” என்றாள்.

பார்க்க வந்தேன் என்றேன்.

“பாக்க என்ன இருக்கு. இறக்கைய கம்பெனிக்காரன் லோறில ஏத்திக் கொண்டு போயாச்சு. ஓட்டைய மட்டும் எனக்கு விட்டுட்டுப் போயிருக்கான்.”

சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் அந்தக் கம்பெனியில் கொஞ்சம் பணம் போட்டவன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்படியா. அப்பம் உங்க பங்கு எது, இறக்கையா வாலா?”

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீ கொண்டுவந்து வைத்தாள். காசையும் வாங்கிக்கொண்டாள். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்து, ஏச்சும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் சொன்னாள்:

“ஓட்டுறவன்னு ஒருத்தன் உள்ள இருந்திருந்தா, பிழைச்சுக் கெடந்தா நாலு வார்த்தை ஏசியிருப்பேன். செத்துக் கெடந்தா துணியாவது போட்டு மூடியிருப்பேன். இத என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க.”

எப்படி வந்தது என்று கேட்டேன். கேட்டேன், ராஜி. என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். நின்ற இடத்திலிருந்து ஆறு தெரிகிறது. வலதுபக்கம் முழுக்கப் பாறையும் மணலும், ஆள் கிடையாது, ஆடு கூடக் கிடையாது. கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் அங்கே விழுந்திருக்கும். அவள் உள்ளங்கையை விரித்து, மலைப்பக்கத்திலிருந்து நேராகக் கொண்டுவந்தாள். சத்தம் இல்லாமல் இப்படி வந்தது என்றாள். நேராக, நேராக, ஷெமி உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேல் வரைக்கும்.

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இப்போது சாயும் என்று காத்திருந்தேன். நீ எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்துவிட்டது. கை சாயவில்லை. நேராக வந்து இன்னொரு உள்ளங்கையில் அடித்து நின்றது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள். என்ன சாரே, பணம் ரொம்ப போச்சோ என்று கேட்டாள். மகன் என்றேன். பஸ் வரும்வரை கடையை விட்டு என் பக்கத்திலேயே நின்றாள்.

ஷெமியைப் பார்க்க நாளை அத்தையும் நானும் போகிறோம். அத்தை கஞ்சி கொண்டுவருகிறாள். பருந்துக்கு அந்தக் கேள்வியை இப்போது எழுதி அனுப்பிவிட்டேன், அழிக்காமல். பதில் வரவில்லை. பிரஜின் போன் எடுப்பதில்லை என்று வினய் சொல்கிறான்.

சுஜித் நம்மை விட்டுவிட்டான் என்று எழுதியிருந்தேன். அது தாங்க முடியாதது என்றும் எழுதியிருந்தேன். இப்போதும் தாங்க முடியவில்லை. அதில் மாற்றம் இல்லை. ஆனால் நீ தனியாக மூன்று வருடம் சுமந்ததை இனி நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறேன். போட்டோவைத் திருப்பி வைக்கத் தோன்றும் நாளில் எனக்கு எழுது.

மீனு கேட்டதற்கு நீ அனுமதித்தால் நானே பதில் சொல்கிறேன். அப்பாவுக்கு ஓட்டத் தெரியும் என்று தொடங்க வேண்டும். அஸ்ஸாமில் அந்தப் பெண் கையை எவ்வளவு சாய்த்தாள் என்று நான் பார்க்கவில்லை. நீ வந்து எனக்குக் காட்ட வேண்டும், பிறகு மீனுவுக்கு நான் காட்டுகிறேன்.

ஜூன் ஒன்பதாம் தேதியிட்ட என் கடிதத்தை நீ வைத்திருந்தால் அதில் ஒரு திருத்தம் செய்துகொள். இயந்திரம் திருப்பியிருக்காது என்று எழுதியது சரி. அந்தத் திருப்பம் தேவையற்றது என்றும், தவறு என்றும் எழுதியது சரியல்ல. மூன்றாவது குறிப்பு பிழை.

மாமா